கட்டி முடிச்சாச்சு, இனி என்ன சோலி?

ஏ மருமவனே, வீட்டை நல்லாத்தான் கட்டியிருக்க. மாமன் மனசாரச் சொல்லுதேன். பாளையங்கோட்டையில இந்தத் தெருவுக்கே ஒன் வீடுதான் எடுப்பு. முகப்புல கல்லு ஒட்டியிருக்க, ராத்திரி அது மேல லைட்டு விழுது. கேட்டைத் தள்ள ரெண்டு ஆளு வேணும். ஹால்ல அண்ணாந்து பாத்தா ஃபால்ஸ் சீலிங்கு, அதுக்குள்ள ஒளிஞ்சு நின்னு ஒரு நீல வெளிச்சம் எட்டிப் பாக்கு. வாசல்ல திருஷ்டிப் பூசணி, அதுக்குப் பக்கத்துல நாக்கைத் தொங்கப்போட்ட அரக்கன், அதுக்குக் கீழ எலுமிச்சம்பழமும் பச்ச மொளகாயும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு அத்தனை காவல். கேமரா நாலு மாட்டியிருக்க, நாலும் தெருவைப் பாத்து நிக்கி. திருடன் மரியாதையா வாசல் வழியாத்தான் வருவான்னு ஒனக்கு ஒரு நம்பிக்கை.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. தட்டட்டிக்குக் கடைசியா எப்பம் ஏறின?

சிரிக்காத. தீவாளிக்கு ராக்கெட்டு விட ஏறினேன்னு சொல்லுவ. அன்னைக்கு நீ வானத்தைத்தான பாத்த, காலடியில தரையைப் பாத்தியா?

ஒம் மேல தப்பு இல்ல. கான்கிரீட்டு வந்த பொறவு மனுசனுக்கு ஒரு தைரியம் வந்துட்டு. பால் காய்ச்சியாச்சா, வீட்டுச் சோலி அத்தோட முடிஞ்சுதுன்னு. எங்க நாங்குநேரிப் பக்கம் அப்பம் எல்லாம் ஓலை வீடுதான். பழைய ஓலையைப் பிரிச்சுப் போட்டுப் புதுசா மேயாம எவனும் அடைமழைக்குள்ள காலை வைக்க மாட்டான். வச்சா மழை உள்ள வந்து பாயில படுத்துக்கிடும். வீடுங்கிறது தொழுவத்துல நிக்கிற மாடு கணக்கு. தடவிப் பாக்கணும், உண்ணி இருக்கான்னு வால் அடியில பாக்கணும், ஒரு நாளு தீனி எடுக்கலன்னா ஏன்னு கேக்கணும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. காரைவீட்டுக்காரனும் அப்படித்தான். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பான். அடிக்கதுக்கு முன்ன சுவரைச் சுரண்டுவான் பாரு, அப்பம் எங்க விரிசல் ஓடுது, எங்க காரை பொக்குன்னு நிக்கி, எங்க எலி ஓட்டை போட்டிருக்குன்னு அவன் கைக்கே தெரிஞ்சுபோவும். ஒம் பெயிண்டுக்குப் பத்து வருச வாரண்டி. நல்லது. அதனால பத்து வருசமா ஒஞ் சுவரை எந்தக் கையும் தொடப்போறது இல்ல.

நேத்து நீ ஆபீசுக்குப் போன பொறவு நான் மேல ஏறினேன். எனக்கு வேற சோலி என்ன, ஒங்கம்மா குடுத்த காப்பியக் குடிச்சிட்டு சும்மா எத்தனை நேரம் ஒக்கார? கொத்தன் நல்ல கொத்தன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். தட்டோடு ஒழுங்காப் பதிச்சிருக்கான், வாட்டம் விட்டிருக்கான், மூணு மூலையில மூணு மழைத்தண்ணிக் குழாய் வச்சிருக்கான். அதுல வடக்கு மூலைக் குழாய் வாயைக் காணவே காணோம். வேப்பிலை விழுந்து மக்கி, மண்ணு சேந்து, மேல பச்சைப் பசேல்னு ஒரு புல்லு வேற. ஆட்டைக் கட்டலாம். கையை விட்டேன். முதல்ல ஒரு பால் கவரு வந்துது. பொறவு ஒம் பிள்ளை தொலைச்சிட்டு அழுதானே, அந்த இறகுப் பந்து. அதுக்கும் கீழ காக்காக் கூட்டுக் குச்சி, அதுல ஒன் வீட்டு வயரிங்கு போக மிஞ்சின செம்புக் கம்பி சுத்திக் கெடக்கு. காக்கா ஒன்னைவிட விவரம், மிச்சச் சாமானை வீணாக்கல. கடைசியா அடியில ஒரு பெயிண்டு டப்பா மூடி. குழாய் வாய்க்குச் சரி அளவு. வேணும்னு மூடினா கூட அவ்வளவு பக்குவமா மூட முடியாது. பெயிண்டு அடிச்ச நாள்ல இருந்து அங்கனதான் கெடந்திருக்கும்போல.

நீ இஞ்சினியரு, கணக்கு ஒனக்குத்தான் வரும், இருந்தாலும் மாமன் வாய்க்கணக்காச் சொல்லுதேன். ஒந் தட்டட்டி ஆயிரம் சதுர அடி. குழாய் அடைச்சு, நாலு அங்குலத் தண்ணி நின்னுதுன்னு வை. ஒன்பதாயிரத்து நானூறு லிட்டர் வருது. எடை ஒன்பது டன்னுக்கு மேல. ஒரு லாரித் தண்ணியைத் தலைக்கு மேல வச்சுக்கிட்டு நீ கீழ ஏ.சி. போட்டுத் தூங்குத. சரி, ஒடனே விழுந்துராது. ஒரு ஆளு நடமாடுத தட்டட்டின்னு கொஞ்சம் கூடுதல் பாரத்துக்கும் சேத்துத்தான் கம்பி கட்டியிருப்பான். ஆனா தண்ணிக்கு என்ன அவசரம்? அது ஆபீசுக்கா போவணும்? தட்டோட்டு இடுக்குல மெள்ள எறங்கும், சுருக்கிக்குள்ள ஊறும், ஆற அமர ஒம் பெட்ரூம் சீலிங்குக்கு வந்து சேரும்.

வந்து சேந்தும் ஆச்சு. கட்டிலுக்கு மேல மஞ்சளா ஒரு கறை இருக்குல்லா, ஒம் பிள்ளை அதை ஆஸ்திரேலியாங்கான். போன மழையில இலங்கை அளவுதான் இருந்துதாம். பிள்ளைக்குப் பூகோளம் நல்லா வருது, பாராட்டணும். நீ என்ன பண்ணின? பட்டி பாத்து, வெள்ளைப் பெயிண்டு ரெண்டு கோட்டு அடிச்ச. தண்ணி மேல இருந்து வருது, மருந்தைக் கீழ பூசுத. மூக்கு ஒழுவுதவனுக்கு மீசையைத் தொடச்சுவிட்ட வைத்தியம்.

அந்தக் கறைக்குப் பக்கத்துல என் கைக்கம்பை வச்சு ஒரு தட்டுத் தட்டிப் பாத்தேன். நல்ல இடத்துல 'டக்'குங்குது. கறை ஓரத்துல 'பொத்'துங்குது. அங்க காரை கம்பியை விட்டுப் பிரிஞ்சு நிக்கி. இரும்பு துருப்பிடிச்சா தேஞ்சு மெலியும்னுதான் எல்லாரும் நெனைக்கான். உள்ள இருக்க இரும்பு மெலியத்தான் செய்யும், ஆனா அதோட துரு, தின்ன இரும்பைப்போல ரெண்டு பங்குக்கு மேல எடத்தை அடைக்கும். கான்கிரீட்டுக்குள்ள அதுக்கு எடம் ஏது? முட்டும், தள்ளும், முதல்ல கம்பி போன போக்குலயே நேரா ஒரு விரிசல் விழும், ஒரு நா ராத்திரி ஒரு தட்டு அளவுக்குக் காரை கட்டில்ல வந்து விழும். விரிசல் வழியாக் காத்தும் ஈரமும் இன்னும் போவும், துரு இன்னும் பருக்கும். முதல்லயே மேல குழாய் வாயைத் தோண்டிவிட்டிருந்தா செலவு ஒண்ணுமில்ல, கையைக் கழுவச் சோப்பு மட்டும்தான். இப்பம் அந்த எடத்துக் காரையைத் தட்டி எறக்கி, கம்பியைத் தேய்ச்சு, துருவுக்கு மருந்து அடிச்சு, திரும்பப் பூசணும். சோலி தெரிஞ்ச ஆளு வேணும், துட்டும் வேணும். அதுவும் மேல ஒழுக்கை அடைச்ச பொறவுதான்.

மேல என்ன பண்ணணும்னு கேளு. தட்டோட்டு இடுக்கெல்லாம் வாய் பொளந்து கெடக்கு. அதைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா அடைக்கணும். அதைவிட முக்கியம், கைப்பிடிச் சுவரும் தரையும் சேருத மூலை. நெறைய வீட்டுல ஒழுக்கு அங்க இருந்துதான் கெளம்பும், கறை மட்டும் வேற எங்கயாவது தெரியும். வாட்டர் புரூஃபு அடிக்கவன் தரைக்கு மட்டும் அடிச்சிட்டுப் போயிருவான். சுவத்துலயும் அரை அடிக்கு மேல ஏத்தி அடிக்கச் சொல்லு. காஞ்ச தரையில அடிக்கச் சொல்லு. ஈரத்து மேல அடிச்சா ஈரத்துக்கே கதவைச் சாத்தின மாதிரி, வெயில் வந்ததும் கொப்புளம் கொப்புளமா ஊதி உரிஞ்சிரும். மழை விட்ட மறுநாள் நீயே போயிப் பாரு, எங்க தண்ணி குட்டையா நிக்கி, எங்க பாசி படிஞ்சிருக்குன்னு. அந்த எடத்துல ஒரு சாக்பீசால வட்டம் போட்டு வை. கொத்தன் வந்தா அவனுக்கு மேப்பு.

இன்னொண்ணு, கைப்பிடிச் சுவர் ஓரத்துல அரசங்கன்னு ஒண்ணு நாலு இலையோட ஆடிக்கிட்டு நிக்கி. காக்கா பழத்தைத் தின்னு போட்ட வெதை. ஒங்கம்மா 'அரசு, சாமில்லா, பிடுங்காதண்ணே'ங்கா. சாமிதான், யாரு இல்லன்னா? குளத்தங்கரையில நட்டு, சுத்தி மேடை கட்டி, பிள்ளையாரை வச்சுக் கும்பிடு. நான் வேணா தண்ணி ஊத்துதேன். ஒஞ் சுவரைப் பொளந்து கோயில் கட்டச் சொல்லி அந்தச் சாமி கேக்கல. நீ ஒரு தடவை அதை ஒடிச்சும் விட்டிருக்க, தடம் தெரியுது. மேல ஒடிச்சா அது கீழ ரெண்டு கிளையாத் தெம்பா வரும். இப்பமே பிஞ்சா இருக்கையில விரிசலைக் கொத்தி அகலப்படுத்தி, வேரைத் துண்டு விடாம எடுத்து, சாந்து வச்சு அடைக்கணும். விரல் தடிப்புக்கு வேர் விட்டுட்டுன்னா செங்கல்லைப் பேத்துத்தான் எடுக்கணும். பழைய கோபுரத்தைப் போயிப் பாரு, கல்லையே நகட்டி வச்சிருக்கும். ஒஞ் சுவரு ஒம்பது அங்குலம்.

மழை என்ன பெருசாப் பெய்யப்போவுதுங்கியா? மூணு மாச வடகிழக்குப் பருவத்துக்கும் சேத்துத் தமிழ்நாட்டுக்குச் சராசரி 44 செ.மீ. சொச்சம்தான். 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல ஊத்திட்டு. மூணு மாசக் கணக்குக்கு ரெண்டு பங்கு, ஒரே நாள்ல. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலு நகர முடியாம, அதுல இருந்த சனம் ரெண்டு நாளு அங்கனயே கெடந்துது. ஜங்சன் பக்கம் தண்ணி நின்ன நிலையை நீயே பாத்திருப்ப. அன்னைக்கு இந்த வீடு இல்ல, நீ வாடகை வீட்டு மாடியில இருந்த. அப்படி ஒரு மழை வருசா வருசம் வராதுதான். எந்த வருசம் வரும்னு ஒங் குழாய் மூடிக்குச் சொல்லிவிட்டு வராதுல்லா.

தண்ணித் தொட்டி விவகாரத்தைச் சீக்கிரம் முடிச்சிருதேன், ஏன்னா அது மழைகூட இல்ல, ஒஞ் சொந்தத் தயாரிப்பு. மோட்டாரைப் போட்டுட்டு நீ போனை எடுத்து உக்ரைன் சண்டையைத் தீர்த்து வைக்க ஒக்காருத. தொட்டி ரொம்பி தெக்குச் சுவத்துல வழிஞ்சு, சுவரு பச்சை பிடிச்சு, பெயிண்டு தோலு உரிஞ்சு நிக்கி. எதுத்த வீட்டுக்காரர்தான் சத்தம் போட்டுச் சொல்லுதாரு. அவரு நல்ல மனுசன், ஆனா அவருக்கும் சம்பளம் குடுக்கல்ல? தண்ணி ரொம்பினா மோட்டாரைத் தானா நிப்பாட்டுத பெட்டி கடையில கெடைக்கு. ஒன் வாசல் பூசணிக்காய்க்கு வருசத்துல ஆவுத செலவுகூட ஆவாது, கேட்டுப் பாரு.

முத மழைக்கு ஈசல் வரும்லா. எங்க காலத்துல அதைப் பிடிச்சு அரிசியோட வறுத்துத் திம்போம், என்ன ருசிங்க. நீங்க லைட்டை அணைச்சிட்டு, மறுநாள் றெக்கையைக் கூட்டி வெளிய கொட்டுதிய. வெளிய இருந்து லைட்டுக்கு வந்தா சரி. ஆனா ஒங்க மாடிப்படி அடியில, சன்னலு சாத்தியிருக்கயில, சுவரோரமாக் குவியலா றெக்கை கெடந்துச்சுன்னு ஒம் பொஞ்சாதி சொன்னா. அது விருந்தாளி இல்ல மருமவனே, வீட்டுக்காரன். ஈசல்னா கறையானோட மாப்பிள்ளை பொண்ணுதான். வீட்டுக்குள்ள இருந்து பொறப்பட்டுதுன்னா குடும்பம் உள்ள எங்கயோ இருக்கு.

தேடிப் பாத்தேன். மாடிப்படி அடியில குக்கர் பெட்டி, மிக்சிப் பெட்டி, டி.வி. பெட்டி, வாரண்டிக்கு வேணும்னு அத்தனை அட்டையையும் சுவரை ஒட்டி அடுக்கி வச்சிருக்க. கறையானுக்கு இதைவிடச் சீர்வரிசை யாரு குடுப்பா? அட்டையை நகத்தினேன், சுவத்துல பென்சில் தடிப்புல ஒரு மண் கோடு தரையில இருந்து நிலைக்கு ஏறுது. நகத்தால ஒரு துண்டு பேத்தேன், உள்ள வெள்ளை வெள்ளையா ஓடிச்சு. நீ அதைப் பாத்திருந்தா துணியை நனைச்சுத் தொடச்சிருப்ப, எனக்குத் தெரியும். தொடைச்சா அது பக்கத்துல வேற பாதை போடும், அதுக்குச் சோம்பல் கெடையாது. கோட்டை விட்டுட்டு அது எங்க இருந்து வருதுன்னு பாரு. தரைக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கும். மருந்து அடிக்கவனைக் கூப்பிட்டு அந்த இடுக்குலயும் வீட்டைச் சுத்தி மண்ணுலயும் விடச் சொல்லணும். நிலை தேக்குதான், பெருமையாச் சொன்ன, தேக்கை லேசுல தொடாது. அதைத் தாண்டிப் போயி அடுக்களையில ஒரு லட்சம் குடுத்துச் செஞ்ச அலமாரியைத் திங்கும். அது பிளைவுட்டு. கறையானுக்கு விலை தெரியாதுன்னு எவன் சொன்னான்?

கரண்டு. இங்கனதான் நான் விளையாட்டுக்குப் பேசல.

ஒம் போர்டுல வரிசையா சுவிட்சு நிக்குல்லா, அதுல பாதிப் பேரு ஒயரைக் காப்பாத்துத சோலி. பாரம் கூடினா விழுந்துரும். மனுசனைக் காப்பாத்துதது ஒண்ணே ஒண்ணு, அதுலதான் 'டெஸ்ட்'டுன்னு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வெளிய கசிஞ்சாலே கண்ணு மூடித் தெறக்கதுக்குள்ள கரண்டை வெட்டிரும். ஈரச் சுவரு, ஒழுவுத ஹீட்டரு, பழைய வாசிங் மிசின், எதுல கசிஞ்சாலும். அந்தப் பொத்தானை மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாக்கணும். அமுக்கினா வீடே அணையணும். நான் நேத்து அமுக்கினேன், அணைஞ்சுது. நல்லது, உசிரோட இருக்கு. ஒங்கம்மாதான் சீரியல் நின்னுட்டுன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டா. ஒன் எலக்ட்ரீசியன்கிட்ட கேட்டா, 'அடிக்கடி விழுது அண்ணாச்சி, எடுத்துட்டு நேராக் குடுத்துருதேன்'னு சொல்லுவான். அவன் சொன்னா, அவனையே முதல்ல எடுத்துரு. அது அடிக்கடி விழுதுன்னா எங்கயோ கசியுதுன்னு அது கத்துது. கத்துத வாயைக் கட்டினா கசிவு நின்னுருமா?

எர்த்துக் குழியைப் பாத்தேன். பொறவாசல்ல மூடி போட்டு, மூடி மேல ரோசாத் தொட்டி வச்சிருக்க. கரியும் உப்பும் போட்டுப் பொதைச்சு, கோடையில அதுல தண்ணி ஊத்தணும். இது பழைய முறைக் குழி, ஈரம் இல்லன்னா கரண்டு மண்ணுக்குள்ள எறங்காது. ரோசாவுக்கு ஊத்துத, அதுக்கு ஒரு அடி கீழ இருக்கவனுக்கு ஒரு சொம்பு கெடையாது. அப்பறம் அந்த ஒன்றரை டன் ஏ.சி.யை எதுல மாட்டியிருக்கன்னு பாத்தேன். நல்ல வேளை, பெரிய பிளக்குதான். ஆனா பக்கத்து ரூம்புல இஸ்திரிப் பெட்டியும் தண்ணி சுட வைக்குத கெட்டிலும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில தொங்குது. தொட்டுப் பாரு, ஒயரு வெதுவெதுன்னு இருக்கும். ஒயருக்குக் காய்ச்சல் வந்தா வீட்டுக்குத்தான் ஆஸ்பத்திரிச் செலவு.

வெள்ளம் வாசல் ஏறுதுன்னு வை, போர்டு ஒசரத்துக்குத் தண்ணி வருதுக்கு முன்ன, கால் காஞ்சிருக்கையிலயே மெயினை எறக்கிரு. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு மெயின் சுவிட்சைத் தொடாத. அப்பம் போன்தான். மின்னகம் 94987 94987, எந்த நேரமும் எடுப்பான். மழை நின்னு வீடு காஞ்ச பொறவும் நீயா தூக்கிப் போடாத. தெரிஞ்சவன் வந்து பாக்கட்டும். தெருவுல அறுந்து கெடக்க கம்பியைக் கம்பால நகத்துதேன்னு போவுதவன் வீரன் இல்ல, கோட்டிக்காரன்.

அடுக்களைக்கு வருவோம். புது அடுப்பு, கண்ணாடி மூடி, நாலு பர்னரு. சந்தோசம். அதுக்குக் கேஸ் கொண்டுபோற டியூபு மட்டும் வாடகை வீட்டுல இருந்து வந்தது. எப்பிடித் தெரியும்ங்கியா? ஆரஞ்சு டியூபு மேல தேதி அச்சடிச்சிருக்கான், கண்ணாடி போட்டு வாசிச்சேன். அஞ்சு வருசம்தான் அதுக்கு ஆயுசு, ஒன்னுது ஓய்வு பெற்ற பொறவும் வேலை பாக்கு. பென்சன் குடுத்து அனுப்பு. சிலிண்டர்லயும் எழுதியிருப்பான், மேல கைப்பிடியைத் தாங்குத பட்டையில உள்பக்கம் குனிஞ்சு பாக்கணும். வருசத்தை ஏ, பி, சி, டின்னு நாலாப் பிரிச்சிருக்கான். 'பி-28'ன்னு போட்டிருந்தா 2028 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் இருக்க கெடு, அதுக்குள்ள அந்தச் சிலிண்டரைத் திரும்பச் சோதிக்கணும்னு அர்த்தம். கெடு தாண்டினது வந்தா வாசல்லயே 'தம்பி, இது வேண்டாம்'னு சொல்லு. சொல்லுததுக்கு ஒரு வெக்கமும் வேண்டாம். கத்திரிக்காய்க்குச் சூத்தை பாத்து வாங்குத வீடுதான இது?

கேஸ் வாடை வந்தா எல்லாரும் முதல்ல பண்ணுத காரியம், எக்ஸாஸ்டு பேனைப் போடுதது. அந்தச் சுவிட்சுல கிளம்புத ஒரு பொறி போதும். கேஸ் காத்தைவிடக் கனம், கீழதான் தங்கும், ஒம் பேன் சீலிங்குப் பக்கத்துல சுத்தி என்ன பிரயோசனம்? ஒரு சுவிட்சையும் போடாத, அணைக்கவும் செய்யாத. ரெகுலேட்டரை மூடு, கதவு சன்னலைத் தெற, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய வா, வெளிய நின்னு 1906-க்குப் போன் பண்ணு. சாமி விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தா வாடை லேசா அடிக்கும்போதே அதை முதல்ல கவனி. பூசை அறையை அடுக்களைக்குள்ளயே வச்சுக் கட்டச் சொன்ன வாஸ்துக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டாரு. கார்த்திகைக்கு அகலைச் சன்னல் திண்டுல வச்சுத் திரைச்சீலையை மேல ஆடவிடுத அழகையும் போன வருசம் பாத்தேன், ஒண்ணும் சொல்லல, நல்ல நாளாச்சேன்னு.

இன்வெர்ட்டரு பேட்டரி மாடிப்படி அடியில அந்த அட்டைப் பெட்டிக் குடும்பத்தோட ஒண்ணா இருக்கு. சார்ஜு ஏறும்போது அதுல இருந்து ஒரு வாயு வரும், தீப்பொறி பட்டா பத்திக்கிடும். காத்தோட்டம் வேணும். தண்ணி அளவு காட்டுத மிதவை அடியில போயிருக்கு. பேட்டரிக்குன்னு விக்குத தண்ணியை வாங்கி ஊத்து, குழாய்த் தண்ணிய ஊத்திராத.

மழைநீர்த் தொட்டி கட்டியிருக்கியான்னு கேட்டேன், 'ஆமா மாமா, பிளானுல இருக்கு'ன்ன. பிளானுல இருக்கது எனக்கும் தெரியும். 2003-ல சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு கட்டாயம்னு ஆக்கினான், அன்னைக்கு இருந்து பிளானுல இல்லாத வீடு கெடையாது. தோண்டின குழியில நீ மிச்ச டைல்சையும் மணல் சாக்கையும் போட்டு மூடி வச்சிருக்க. தட்டட்டித் தண்ணி அதுல எறங்காம அஸ்திவாரத்து ஓரமாச் சுத்தி வருது. அதுக்கு மேல ரோடு. ஒவ்வொரு தடவையும் பழசு மேலயே புதுசைப் போட்டுப் போட்டு, ரோடு ஒசந்து வீடு தாழ்ந்து போவுது. சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும்னு 2021-ல மேல இருந்து உத்தரவே வந்துது. ரோடு போடுத அன்னைக்குத் தெருவுல நாலு பேரு நின்னு அந்த உத்தரவைக் கேட்டா போடுதவன் கொஞ்சம் யோசிப்பான். நீ அன்னைக்கு ஆபீசுல இருப்ப. சாயங்காலம் வந்து, 'ரோடு சூப்பரா போட்டுட்டான்'னு போட்டோ எடுத்து அனுப்புவ.

இவ்வளவுக்கும் மேல ஏதாவது ஆச்சுன்னா? பைக்குக்கு இன்சூரன்ஸ் வச்சிருக்க, ஏன், போலீஸ் பிடிப்பான். காருக்கு வச்சிருக்க. வாழ்நாள் முழுக்கக் கடன் கட்டுத வீட்டுக்கு ஒண்ணும் இல்ல, ஏன்னா அதை நிப்பாட்டி எவனும் ஊதச் சொல்ல மாட்டான். 'பாரத் கிருஹ ரக்ஷா'ன்னு 2021 ஏப்ரல்ல இருந்து ஒரு பாலிசி இருக்கு, பல கம்பெனியிலயும் ஒரே மாதிரி விதி. தீ, புயல், வெள்ளம், இடி எல்லாத்துக்கும் உண்டு. கட்டடத்துக்கு எடுத்தா அந்தத் தொகையில 20 சதவீதம் வரைக்கும், உச்சத்துக்குப் பத்து லட்சம், உள்ள இருக்க சாமானுக்கும் தானாச் சேந்துக்கிடும். நகை தனிக் கதை, அதுக்குத் தனியாச் சொல்லணும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. வெள்ளத்துக்குத் தருவான், ஒஞ் சோம்பலுக்குத் தர மாட்டான். குழாய் அடைஞ்சு வருசக்கணக்கா ஊறின கறைக்கு, கறையான் தின்ன அலமாரிக்கு, துருவுக்கு ஒண்ணும் பேராது. அதைப் பாலிசியிலயே எழுதியிருப்பான், பொடி எழுத்துல. வாங்கின சாமானுக்குப் பில்லும், வீட்டு ஒவ்வொரு ரூம்புக்கும் ரெண்டு போட்டோவும் எடுத்து வை. போட்டோ எடுக்க ஒனக்கு மாமன் சொல்லிக் குடுக்கவா?

இப்பம் புரட்டாசி. கொத்தனும் பிளம்பரும் இந்த மாசம்தான் சும்மா இருப்பான், நாம கூப்பிட்டா வருவான். ஐப்பசி பொறந்து நாலு தூத்தல் விழுந்துட்டுன்னா ஊர்ல ஒழுவுத எல்லா வீட்டுக்காரனும் அவனுக்குப் போன் போடுவான், அப்பம் அவன் ரேட்டும் கூடும், நடையும் கூடும். அதனால நானே ஒருத்தனைப் பேசிட்டேன். செவ்வாய்க்கிழமை வெள்ளன வருவான். தொட்டி மேல ஏற ஒங்கிட்ட ஏணி கெடையாதுன்னு தெரியும், அதையும் எடுத்தாரச் சொல்லியாச்சு. அட்வான்சு ஒங்கம்மா சுருக்குப்பையில இருந்து வாங்கிக் குடுத்திருக்கேன். ராத்திரி அவ தூங்குததுக்குள்ள குடுத்துரு, இல்லன்னா என்னைத்தான் கேப்பா.